பதினாலும் ஒரே பக்கம்

அங்கே உட்காராதீங்க சார். பார்க்கக் காய்ந்த பாறை மாதிரி இருக்கும், உட்கார்ந்தால் வழுக்கிக்கொண்டு போகும். போன மாதம் உங்களை மாதிரியே ஒருத்தர் கேமராவோடு போனார். கேமராவுக்குத்தான் அடி. இந்தப் பக்கம் வாங்க.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் தேடி வந்த பறவை இப்போது இல்லை. ஜூலையில் வந்திருக்க வேண்டும், இது செப்டம்பர். மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்று ஓய்ந்து பத்துப் பதினைந்து நாளாயிற்று. காற்று ஓய்ந்தால் அதற்கு இங்கே என்ன வேலை? ரத்தினவேல் சார் போனில் இதைச் சொல்லவில்லையா? சொல்லமாட்டார். யார் இந்த முனைக்கு வந்தாலும் அவருக்குச் சந்தோஷம், அவ்வளவுதான்.

ஆமாம், அந்தப் படம் எடுத்த ரெக்சி நான்தான். ஆள் கொஞ்சம் பெரிதாக இருக்கும் என்று நினைத்தீங்களா? பதினேழு வயதுப் பெண்பிள்ளைதான். பிளஸ் ஒன்னில் பாதியில் நின்றுவிட்டேன். ஏன் நின்றாய் என்று கேட்காதீங்க, வருகிற ஆளெல்லாம் அதையே கேட்கிறார்கள். படிப்பு வரவில்லை, நின்றேன். அதில் கதை ஒன்றும் கிடையாது.

நீங்கள் அந்தப் பதினாலு பறவையைப் பற்றிக் கட்டுரை எழுதப்போவதாக சார் சொன்னார். எவ்வளவு தூரம், எத்தனை நிமிஷம், பறவை என்ன செய்தது, இதெல்லாம் வேண்டுமாம். சொல்கிறேன். ஆனால் எனக்குத் துண்டு துண்டாகச் சொல்லத் தெரியாது. கேட்டு முடித்துவிட்டு உங்களுக்கு வேண்டியதை எழுதிக்கொள்ளுங்க.

ரத்தினவேல் சார் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் விலங்கியல் எடுக்கிறார். போன வருஷம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு இதே இடத்தில் மூன்றுகால் ஸ்டாண்டில் ஸ்கோப்பை நிறுத்திக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சும்மா பின்னால் நின்றேன். வீட்டில் இருந்தால் அக்கா ஏதாவது வேலை சொல்வாள். தூரத்தில் ஒரு கூட்டம் ஆலா போனது. ஆலா என்று சார் சொல்லித்தான் தெரியும், எங்களுக்கு எல்லாமே கடல்காக்காதான். "இருபது, எழுதிக்கோ" என்றார். "இருபத்திமூணு" என்றேன். திரும்பிப் பார்த்தார். ஒரு பையன் எடுத்த படத்தைப் பெரிதாக்கி எண்ணினார்கள். இருபத்துமூன்று. அதோடு பிடித்துக்கொண்டார்.

இந்த வருஷம் ஜூன் மாதம் ஸ்கோப்பையே கொண்டு வந்து கொடுத்துவிட்டார். தினமும் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை, ஆகஸ்ட் முடிகிற வரைக்கும் நான்தான் எண்ண வேண்டும்.

எப்படி எண்ணுவது என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எனக்கு அவர் சொல்லிக்கொடுத்த மாதிரி சொல்கிறேன். அதோ கூராக நிற்கிறதே, ஊசிப்பாறை, அதன் முனைக்கு நேராக ஸ்கோப்பை வைக்க வேண்டும். வைத்தால் வைத்ததுதான், திருப்பக்கூடாது. வட்டத்துக்குள் எது கடந்து போகிறதோ அதை மட்டும் எண்ண வேண்டும். வட்டத்தை விட்டுப் போனதைத் துரத்தக்கூடாது. ஒன்றைத் துரத்திக்கொண்டு ஸ்கோப்பைத் திருப்பினால் பின்னால் வருகிற பத்து தப்பிவிடும். எனக்கு இது பிடித்தது. மூன்று மணி நேரம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். போனது போனதுதான்.

வீட்டில் கிண்டலுக்குக் குறைச்சல் இல்லை. அதிலும் அத்தான். அக்கா ஜெசிந்தாவின் வீட்டுக்காரர், ரொமால்டு. எங்கள் கரையில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்துவிடுவது உண்டு. மூன்று வருஷமாக எங்கள் வீட்டில்தான்.

"என்ன பிள்ளே, இண்ணைக்கு எத்தன காக்கா போச்சு?"

"நாப்பத்தியாறு."

"எல்லாத்துக்கும் ஆதார் கார்டு இருக்கான்னு பாத்தியா? இல்லாததத் திருப்பி அனுப்பணும், கேட்டியா?"

இதைச் சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். அக்காவும் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. உண்மையைச் சொன்னால் எனக்கு அவரைப் பிடிக்காது சார். குளித்த ஈரத் துண்டைக் கொண்டுவந்து என் கட்டிலில் போடுவார். குழம்பில் இருக்கிற மீன் தலை முழுவதும் அவருக்கு. நான் ஒருதடவை கேட்டதற்கு, "தல தின்னா மூள வளரும், ஒனக்குத்தான் பள்ளிக்கூடமே வேண்டாமே" என்றார். செத்துப்போனவரை இப்படிச் சொல்லலாமா என்று அம்மா அடிப்பாள். இருக்கும்போது பிடிக்காத ஆளைச் செத்தபிறகு பிடித்தது என்று சொன்னால் அதுதான் பொய். அது இருக்கட்டும்.

ஜூலை பதினைந்தாம் தேதி அத்தான் கொல்லத்துக்குப் போனார். அங்கே ஒரு முதலாளியின் ஃபைபர் வள்ளத்தில் வேலை. அவரும் கொல்லத்துக்காரன் ஒருத்தனும், ரெண்டே பேர். அந்த வள்ளத்தை நான் ஒருநாளும் பார்த்தது கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க. பச்சையா வெள்ளையா, எனக்குத் தெரியாது.

பத்தொன்பதாம் தேதி காற்று பிடித்தது. மறுநாள் அந்தக் கொல்லத்துக்காரனின் உடல் கரையில் ஒதுங்கியது, கொல்லத்துக்கும் வடக்கே. அதனால் எல்லாரும் வடக்கேயே தேடினார்கள். எங்கள் ஊர் ஆட்கள் பாதிப்பேர் வேன் பிடித்து அங்கே போனார்கள். ஆள் அங்கே ஒதுங்கினான், வள்ளமும் அங்கேதான் இருக்கும், இதுதான் கணக்கு. அப்பா மட்டும் ஒருதடவை, "மழைக்காலத்துல நீவாடு தெக்கல்லா இழுக்கும்" என்றார். கடலுக்குள் தண்ணீர் இழுக்கிற இழுப்பைத்தான் நீவாடு என்போம். அப்பாவுக்குத் தோள் போய் ஆறு வருஷமாகிறது, கடலுக்குப் போவதில்லை. கடலுக்குப் போகாத ஆள் சொன்னால் யார் கேட்பார்கள்? நானும் கேட்கவில்லை.

மூன்று நாள் வீட்டில் ஜெபமாலை. தெருப் பெண்கள் எல்லாரும் எங்கள் முன்னறையில். ஒரு கூட்டம் எழுந்து போனால் அடுத்த கூட்டம் வந்து உட்காரும். அக்கா சுவரில் சாய்ந்துகொண்டு கையில் போனை வைத்தபடி இருப்பாள், அழவும் இல்லை, ஜெபிக்கவும் இல்லை. எனக்கு அந்தச் சத்தம் தாங்கவில்லை. அதனால் காலையில் வழக்கம்போல இங்கே வந்தேன். அத்தானைக் காணோம் என்கிற நேரத்தில் இவள் காக்கா பார்க்கப் போகிறாள் என்று தெருவில் பேசினார்கள். பேசட்டும். வீட்டில் உட்கார்ந்தால் மட்டும் ஆள் வந்துவிடுமா?

இருபத்துமூன்றாம் தேதி. ஹெலிகாப்டர் விட்டுத் தேடச் சொல்லி விடியும்போதே ஊர் முழுவதும் மெயின் ரோட்டில் மறியலுக்குப் போய்விட்டது. கடலில் ஒரு வள்ளம் கிடையாது, நாலு நாளாக யாரும் இறக்கவில்லை. கோயிலில் மணி அடிக்கிறவரைத் தவிர கரையில் ஆள் கிடையாது. இந்த முனையில் நான் ஒருத்தி.

நேரம் ஆறு ஐம்பது. எழுதிக்கொள்ளுங்க. மழை விட்டிருந்தது. காற்றும் கொஞ்சம் தணிந்திருந்தது. பத்து நிமிஷமாக வட்டத்துக்குள் ஒன்றும் வரவில்லை, வெறும் தண்ணீர். அப்புறம் வடக்குப் பக்கத்திலிருந்து ஒரு வள்ளம் உள்ளே வந்தது. வெள்ளை. அலைக்குக் குறுக்காகக் கிடந்து ஆடி ஆடி வந்தது. அதன் மேல் பறவை.

எனக்கு முதலில் தெரிந்தது பறவைதான் சார். வள்ளம் அடுத்துதான். முதுகு காப்பித்தூள் நிறம். நெற்றியில் வெள்ளைக்கோடு, கண்ணைத் தாண்டிப் பின்னால் வரைக்கும். பிரைடில்டு டேர்ன், நீங்கள் தேடி வந்த ஆலா. புத்தகத்தில் பார்த்திருக்கிறேன், கடலில் ரெண்டு தடவை ஒற்றையாகப் பறந்து பார்த்திருக்கிறேன், அதுவும் பொட்டு மாதிரி. இங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தன. பறக்கிற பறவையை எண்ணுவதுதான் பாடு. உட்கார்ந்திருந்தால் என்ன? பதினாலு. மறுபடி எண்ணினேன், பதினாலு. போனை ஸ்கோப்பின் கண்ணோடு ஒட்டிப்பிடித்து ஒன்பது படம் எடுத்தேன், ஒன்று தேறியது. தூரம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். நாலு நிமிஷம். வட்டத்தின் தெற்கு ஓரத்தைத் தொட்டது, வெளியே போனது. நான் ஸ்கோப்பைத் திருப்பவில்லை. நோட்டில் எழுதினேன். ஆறு ஐம்பத்துநாலு, பிரைடில்டு டேர்ன், பதினாலு, வள்ளத்தின் மேல்.

படத்தை சாருக்கு அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் போன். "ரெக்சி! பதினாலா? சத்தியமா பதினாலா?" என்று கத்துகிறார். பின்னால் அவர் வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது, அதுகூட எனக்குக் கேட்டது. படத்தின் ஓரத்தை எல்லாம் வெட்டிவிட்டு, பறவை மட்டும் தெரிகிற மாதிரி பறவை பார்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். எழுபது எண்பது பேர் கைதட்டினார்கள். நீங்களும் தட்டியிருப்பீங்க. "எல்லாம் ஒரே ஃபிரேமில், என்ன அழகு!" என்று ஒருத்தர். "டிக்கெட் இல்லாப் பயணம்" என்று ஒருத்தர்.

அது நீங்கள்தானா?

சரி, விடுங்க. தப்பாகச் சொல்லவில்லை. அன்றைக்கு நானும் அதைப் படித்துச் சிரித்தேன். ஒரு வாரத்தில் முதல்தடவையாகச் சிரித்தது அதற்குத்தான்.

அந்த எண்பது பேரில் ஒருத்தர்கூட அது யாருடைய வள்ளம், அதில் ஆள் எங்கே என்று கேட்கவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் பறவைக்காரர்கள், வள்ளம் உங்களுக்கு மரக்கிளை மாதிரி. ஆனால் நான் இந்தக் கரை. ஆள் நடமாடுகிற வள்ளத்தில் கடல்காக்கா வந்து உட்காராது. மேலே சுற்றும், கத்தும், வலையிலிருந்து விழுகிறதைக் கொத்திக்கொண்டு போகும், உட்காராது. உட்கார்ந்தால் அதில் யாரும் அசையவில்லை என்று அர்த்தம். எங்கள் ஊரில் ஆறு வயதுப் பிள்ளைக்கு இது தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்குத் தெரியாமல் போனதா என்று கேட்டால், இல்லை, தெரியும். நினைத்தாயா என்று கேட்டால், நினைக்கவில்லை. இது ரெண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் உண்மை. நான் பறவை இருந்த பக்கத்தைப் பார்த்தேன். பறவை இல்லாத பக்கத்தை எதற்குப் பார்க்க வேண்டும்?

இருபத்தேழாம் தேதி வள்ளம் கிடைத்தது. கன்னியாகுமரியைத் தாண்டி, கிழக்குக் கடலில், பாறையில் அடித்துப் பாதி உடைந்து. ஆள் இல்லை. நம்பரைப் பார்த்து இதுதான் என்று சொல்லிவிட்டார்கள். போனில் படம் வந்தது. அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், நீலத்தில் ஒரு ஒட்டு. ஃபைபர் உடைந்தால் போடுவார்களே, அது. நான் என் போனை எடுத்து என் படத்தைப் பார்த்தேன். நாலாவது பறவைக்கும் ஐந்தாவது பறவைக்கும் கீழே அதே நீல ஒட்டு.

நீங்கள் என்னையே பார்க்கிறீங்க. எனக்கு ஒன்றும் ஆகவில்லை சார். அன்றைக்கு மத்தியானம் சோறு தின்றேன். புளிக்குழம்பு. மறுநாள் காலையில் வந்து எண்ணினேன். அதற்கு மறுநாளும். ஆகஸ்ட் முழுக்க ஒருநாள் விடவில்லை, காய்ச்சல் இருந்த அன்றும் வந்தேன். "இவ்வளவு ஒழுங்கா என் ஸ்டூடண்ட்ஸ் யாருமே எண்ணினதில்ல" என்று சார் பாராட்டினார். அழுகை வருமா என்று நானே ரெண்டு மூன்று தடவை பார்த்தேன், வரவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. யாரும் கேட்கவில்லையே.

அக்காவுக்கு அதற்குள் ஒரு கணக்கு பிடித்துக்கொண்டது. வள்ளம் தெற்கே வந்திருக்கிறது இல்லையா? கன்னியாகுமரிக்குத் தெற்கே பெரிய கப்பல்கள் போகிற தடம் இருக்கிறது. அத்தான் வள்ளத்திலேயே அந்தத் தடம் வரைக்கும் வந்துவிட்டார், ஏதோ ஒரு வெளிநாட்டுக் கப்பல் அவரை எடுத்துக்கொண்டு போய்விட்டது. கப்பல் எங்காவது ஒரு நாட்டில் கரை பிடிக்கும், இறக்கி விடுவார்கள். இப்படி. முன்னே யாருக்கோ நடந்ததாம். அத்தான் நம்பருக்கு நாள் தீரும் முன்பே ரீசார்ஜ் போட்டாள்.

"போனே கடலுக்குள்ள போயிருக்கும், பொறவு என்னதுக்கு?" என்று கேட்டேன்.

"போன் போனா போட்டும். நம்பரு உயிரோட இருந்தாத்தானே வேற சிம் போட்டு எனக்கு விளிப்பாரு" என்றாள்.

பைத்தியம் எல்லாம் இல்லை. சமைத்தாள், துணி துவைத்தாள், அம்மாவோடு சண்டை பிடித்தாள். இந்த ஒரு விஷயத்தில்தான்.

எங்களில் கடலில் போன ஆளின் உடல் கிடைக்காவிட்டால் பெட்டியில் அவருடைய துணியை வைத்து அடக்கம் செய்வார்கள். பூசை உண்டு, குழி உண்டு, குருசு உண்டு, சிலுவைதான். அதைச் செய்தால்தான் முடிந்ததாகக் கணக்கு. நாற்பத்தோராம் நாள் பக்கத்தில் வந்தது. அத்தானுடைய அண்ணன் ஸ்தனிஸ்லாஸ் வந்து உட்கார்ந்தார்.

"ஜெசிந்தா, பெட்டிக்குச் சொல்லட்டா?"

"யாருக்கு?"

"யாருக்கா? பிள்ளே, ஊருல எல்லாரும்..."

"உயிரோட இருக்கப்பட்ட ஆளுக்குப் பெட்டி செய்வீரோ? ஒம்ம தம்பிதானே? அவரு வந்து நிக்கும்போ அந்தப் பெட்டிக்குள்ள யாரக் கெடத்துவீரு? நீரு கெடப்பீரா?"

அவர் எழுந்து போய்விட்டார். அத்தானுடைய அம்மா படியில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டார், என் பிள்ளைக்கு ஒரு குழிகூட இல்லையே என்று. ஃபாதர் வந்தார், அப்பா சொன்னார், அம்மா சொன்னாள். அக்கா யாருக்கும் மசியவில்லை. கடைசியில் அப்பா என்னிடம் வந்தார். "ரெக்சி, நீ சொன்னாலாவது கேக்காளான்னு பாரு மக்ளே. இப்பிடியே இருந்தா இவ வாழ்க்க பூரா அந்த போனையே பாத்துட்டு இருப்பா."

அப்போதுதான் எனக்குத் தோன்றியது, என்னிடம் அத்தாட்சி இருக்கிறதே என்று. படத்தில் வள்ளம் காலி. இருபத்துமூன்றாம் தேதி எங்கள் முனையைக் கடக்கும்போதே காலி. கப்பல் தடம் இன்னும் எவ்வளவோ தெற்கே. அங்கே போகும் முன்னாலேயே காலி என்றால் கப்பல் யாரை எடுத்திருக்கும்? நேரான கணக்கு. இதை ஏன் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன் என்று என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. எனக்கு இழுத்துக்கொண்டு போவது பிடிக்காது.

மத்தியானம். அக்கா புறவாசலில் உட்கார்ந்து சாளை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். போனை நீட்டினேன். குரூப்பில் போட்ட வெட்டின படம் இல்லை, நான் எடுத்த முழுப்படம். ஸ்கோப்பில் எடுத்தால் எப்படி இருக்கும் என்று தெரியுமே, நடுவில் வட்டமாக வெளிச்சம், சுற்றி இருட்டு.

"இது என்னதுடீ?"

"வள்ளம். அத்தான் போன வள்ளம். அந்த நீல ஒட்டப் பாரு."

கத்தியைக் கீழே வைத்தாள். கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினாள்.

"எப்ப எடுத்த?"

"இருபத்திமூணு. காலைல."

"எங்க வச்சு?"

"இங்கதான். நம்ம முனைக்கு நேரா."

இதைச் சொல்லும்போதுகூட எனக்கு ஒன்றும் இல்லை. நான் என் கணக்கைச் சொல்லிக்கொண்டே போனேன். பாரு, பறவை உட்கார்ந்திருக்கிறது, ஆள் இருந்தால் உட்காருமா, காலி வள்ளம், கப்பல் தடம் அங்கே, இது இங்கே, ஆகவே பெட்டி வைக்க விடு. பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு தெளிவாகப் பேசினது கிடையாது. அவள் கேட்டாளா என்றே தெரியவில்லை. ரெண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். இடதுபக்கம் தள்ளினாள், வலதுபக்கம் தள்ளினாள். உதடு அசைந்தது. எண்ணுகிறாள்.

"பதினாலு" என்றேன்.

"பதினாலும் ஒரே பக்கம் இருக்கு" என்றாள்.

"ஆமா, அணியத்துல."

"முப்பதடி வள்ளம்டீ இது. பதினாலும் என்னதுக்கு இப்பிடி ஒண்ண ஒண்ணு இடிச்சிட்டு ஒரே மூலையில இருக்கு? பின்னால அவ்வளவு இடம் சும்மா கெடக்கே."

ஒரே ஃபிரேமில், என்ன அழகு என்றுதானே எல்லாரும் சொன்னார்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"பின்னால அனக்கம் இருந்திருக்கு" என்றாள். "கையோ காலோ. எழும்ப முடியாமக் கெடந்திருப்பாரு. கெடந்த கெடையில எப்பவாவது அசைச்சிருப்பாரு. அதான் அந்தப் பக்கம் ஒண்ணும் இருக்கல்ல."

நான் போனை வாங்கிப் பார்த்தேன். வள்ளத்தின் நடுவரைக்கும் காலி, பின்கோடி வட்டத்தின் ஓரத்தில் இருட்டுக்குள் போயிருந்தது. ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் அவளிடமும் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"பூசைக்கு மணி அடிச்சாச்சா அப்ப?"

"ரெண்டாம் மணி அடிச்சு செத்த நேரம் ஆச்சு."

"காத்து?"

"தணிஞ்சிருந்துச்சு."

"அப்ப கேட்டிருக்கும்."

அவள் எழுந்து கோயில் இருக்கிற பக்கம் பார்த்தாள்.

"கோயில் கோபுரமும் தெரியும். நம்ம ஊருன்னு தெரிஞ்சிருக்கும்." போனை என் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டாள். "கடலுக்குள்ள சாடியிருப்பாருடீ. ஊரப் பாத்துட்டு வள்ளத்துல கெடக்க அவருக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு மின்ன ஒரு ஈஸ்டருக்கு, வள்ளம் கரை பிடிக்க நேரமாவும்னு அந்தப் பாறைக்கிட்ட வச்சே கடல்ல சாடி நீந்தி வந்தாரு. நனைஞ்ச சட்டையோட வந்து பூசைல நின்னாரு. நான் வந்திருப்பேன்னு. ஃபாதர் எல்லாருக்கும் முன்னால வச்சு ஏசினாரு."

அது நல்ல கடல். ஜூலை மாதக் கடல் இந்தப் பாறையில் எப்படி அடிக்கும் என்று நீங்கள் பார்த்திருக்கமாட்டீங்க. இப்போது நாம் உட்கார்ந்திருக்கிற இடம் வரைக்கும் தண்ணீர் தெறிக்கும். நாலு நாள் பட்டினி கிடந்த ஆள், தண்ணீர் குடிக்காத ஆள். அக்காவுக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் கடற்கரைக்காரி.

போனை என்னிடம் கொடுத்தாள். திரும்ப உட்கார்ந்து மிச்சச் சாளையையும் வெட்டினாள். ஒரு கிலோ மீன். ஒவ்வொன்றாகச் செதிள் எடுத்து, குடலை எடுத்து, சட்டியில் போட்டாள். நான் பக்கத்திலேயே நின்றேன். அடிப்பாள் என்று நின்றேன். கத்தி அவள் கையில்தான் இருந்தது. எல்லாம் முடித்துக் கழுவி எழுந்தபிறகு, "பெட்டிக்குச் சொல்லச் சொல்லு" என்றாள்.

என் கணக்கு தப்பு, ஆனால் விடை வந்துவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம் என்று சொல்லக்கூடாது, ஆனால் அப்படித்தான் இருந்தது. என்ன சொன்னாய், எப்படிச் சம்மதித்தாள் என்று அப்பா கேட்டார். "சும்மா பேசினேன்" என்றேன்.

துணியை அவளே எடுத்து வைத்தாள். கல்யாண வேட்டி, சட்டை, ஒரு ஜெபமாலை. குருசில் பேர் எழுதுகிறவர் வந்து தேதி கேட்டார். ஸ்தனி அண்ணன், "ஜூலை பத்தொம்பது" என்றார். கூட இருந்தவன் செத்த தேதி அதுதானே, எல்லாருக்கும் அதுதான் தேதி.

"இருபத்திமூணு" என்றாள் அக்கா.

"அது எப்பிடிப் பிள்ளே? காத்து பிடிச்சது பத்தொம்பதுல்லா?"

"இருபத்திமூணு."

"யாரு சொன்னா ஒனக்கு?"

"எனக்குத் தெரியும்."

ஃபாதர் வந்து மெதுவாக, "ஏன் மகளே, அந்தத் தேதி?" என்று கேட்டார். அவரிடமும் அதையேதான் சொன்னாள், எனக்குத் தெரியும். எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். துக்கத்தில் என்னமோ சொல்கிறாள், சொல்கிறபடி போடட்டும் என்று விட்டுவிட்டார்கள். கோயில் ரெஜிஸ்டரிலும் இருபத்துமூன்று என்றுதான் ஏறியது. நான் அங்கேதான் நின்றேன், பெட்டியின் கால்மாட்டில். உண்மை உண்மை என்று இவ்வளவு நேரம் உங்களிடம் பேசினேன் இல்லையா? அங்கே வாயைத் திறக்கவில்லை. அவள் என்னைப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னமோ. அவள் என் பக்கமே திரும்பவில்லை. இன்றைக்கு வரைக்கும் வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. ரத்தினவேல் சாருக்கும் தெரியாது. உங்களுக்கு எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்கள் நாளைக்குக் கோயம்புத்தூர் போய்விடுவீங்க.

அந்தப் பறவைப் பதிவை நீக்கவேண்டாம் சார். எண்ணிக்கை சரி. பதினாலு. பறவை என்ன செய்தது என்று கேட்டீங்களே, முன்பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, பின்பக்கத்தில் ஆள் இருந்ததால் அந்தப் பக்கம் போகவில்லை. அப்படி எழுத முடிந்தால் எழுதுங்க. முடியாவிட்டால் வெறுமனே உட்கார்ந்திருந்தது என்று எழுதுங்க.

ஸ்கோப்பை அடுத்த வருஷமும் வைத்துக்கொள் என்கிறார் சார். பார்க்கலாம்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து வரும்போது எல்லாரும் முன்னால் போய்விட்டார்கள். அக்காவும் நானும் பின்னால். செருப்புக்குள் மணல் ஏறுகிறது என்று கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். அப்போது சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"அவரு ஊரத் தாண்டிப் போவும்போ நம்ம வீட்டு ஆளு ஒண்ணு பாத்திருக்கு."

அவ்வளவுதான். ஏசினாளா, இல்லை, அதுவாவது நடந்ததே என்று ஆறுதலுக்குச் சொன்னாளா, எனக்குத் தெரியவில்லை சார். சோற்றுக்கு உப்பு போதுமா என்று கேட்பாளே, அதே குரல். அதற்கப்புறமும் என்னோடு பேசாமல் இல்லை. தலை வாரிவிடுகிறாள், கடைக்கு அனுப்புகிறாள், மீன் தலையை எனக்கு வைக்கிறாள். அந்த ஒரு பேச்சை மட்டும் எடுப்பதில்லை.

என்ன அர்த்தத்தில் சொன்னாய் என்று கேட்டால் சொல்லிவிடுவாள். அவளுக்கு மறைக்கத் தெரியாது. அதனால்தான் கேட்கவில்லை.